பாலத்தில் இல்லாதவன்

துக்கம் கேட்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, தெற்கு முகாமில் கூடாரத்துக்குள் நுழையும் முன் எல்லோரும் கண்டதைப் பதிந்துவைக்கும் தங்கள் நெற்றிப்பட்டையைக் கழற்றி வாசல் கயிற்றில் மாட்டிவிடுவார்கள். உள்ளே போனதும் இழவு வீட்டுக்காரரின் பட்டையை வாங்கித் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் பேச்சே கிடையாது. செத்தவர் எப்படிச் செத்தார் என்று நாம் கேட்டு, அவர்கள் சொல்லி, நாம் உச்சுக் கொட்டி, நைசாக நேரம் பார்த்து எழுந்துவரும் தொல்லையெல்லாம் பழங்காலத்தோடு போயிற்று. கண்ணை மூடினால் அவர்கள் கண்டதை நாம் காண்போம். அவர்களுக்கு விறைத்த இடத்தில் நமக்கும் விறைக்கும். காப்பி ஆறுவதற்குள் முழுத் துக்கமும் கேட்டாகிவிடும்.

செல்லக்கனி அன்று பூரணத்தின் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பூரணம் முந்தியே வந்து செல்லக்கனியின் கணவன் வேல்மயில் செத்த துக்கத்தைக் கேட்டுப் போயிருந்தாள். வந்தவள் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. வேல்மயிலுக்காக முகாமே திரண்டு வந்திருந்தது. கடைக்காரர் செத்தால் அப்படித்தான், ஊரெல்லாம் வாடிக்கை. அதனால் செல்லக்கனிக்குப் போகவேண்டிய கூடாரங்கள் இன்னும் பாக்கி இருந்தன.

பட்டையைக் கட்டியதும் பாலம் வந்தது. இரும்புப் பாலம். கீழே ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகின்றன. எதிரே வரிசையாக ஆட்கள். எல்லோர் முகத்திலும் மூச்சுமூடி. மூடியின் கண்ணாடியில் உறைபனி. சூட்டாடைகளைக் கழற்றச் சொல்கிறார்கள். அந்தப் பனிக்கோளில் உடம்பைச் சூடாக வைக்கும் சூட்டாடை இல்லாமல் வெளியே நிற்பதும், தோலை உரித்துக் கொடியில் போட்டுவிட்டு நிற்பதும் ஒன்றுதான். பூரணத்தின் கைகள் பெரிய மகளின் பித்தான்களை அவிழ்க்கின்றன. சின்னவளுக்குத் தானே அவிழ்க்கத் தெரியும். அவிழ்க்கிறாள், மடித்தும் வைக்கிறாள். பிறகு ஒரு கை நெஞ்சில் பதிந்து தள்ளுகிறது.

செல்லக்கனி பட்டையைப் பிடுங்கிக் கழற்றினாள். தாடை வெடவெடத்தது. மகள்களை ஆறு கொண்டுபோக, தான் மட்டும் கரையேறியிருந்த பூரணம் காப்பியை நீட்டினாள்.

"மடிச்சுல்லா வச்சிருக்கா சின்னவ" என்றாள் செல்லக்கனி.

"நாந்தான் பழக்குனேன். கழட்டுனா மடிச்சு வையுடீன்னு." பூரணம் தன் காப்பியைத் தொடவில்லை. "ஒருத்தன் மூஞ்சியாவது தெரிஞ்சிருந்தா உக்காந்து அவனையாவது வாயார வையலாம் மதினி. மூடியத்தான் பாத்தேன். மூடியவா வைய முடியும்?"

அந்த முகாமில் இருந்தவர்கள் எல்லோரும் பூமியிலிருந்து ஒப்பந்தம் போட்டு வந்த குடியேறிகள். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து ஆட்கள் அதிகம். எங்கே குழி தோண்டினாலும் பனி கிடைக்கிற தண்கோளில், சில இடங்களில் மட்டும் வெந்நீர் ஊற்று உண்டு. ஊற்று வைத்திருப்பவனுக்குச் சூடு. சூடு வைத்திருப்பவனுக்கு உயிர். மேலே கோளைச் சுற்றிவரும் சுற்றுநகரத்தில் உட்கார்ந்திருந்த அரசு, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஊற்றுகளைப் பங்கு பிரித்துக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. படத்தில் ஒரு வீடுகூடத் தெரியவில்லை. முன்குடியார் பனிக்கு அடியில் வீடு கட்டி வாழ்கிறவர்கள். படத்தில் எப்படித் தெரியும்? ஏழு தலைமுறைக்கு முன்னே வந்து குடியிருந்த அவர்கள் இப்போது தங்கள் ஊற்றுக்கே வரி கட்டிக் குடியிருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் மூச்சுமூடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று செல்லக்கனி ஆராய்ந்ததில்லை. கொதிமடு என்ற ஊற்றூரில் அவள் பலசரக்குக் கடை வைத்திருந்தாள். எடையில் ஏமாற்ற மாட்டாள், விலையில் விட மாட்டாள். கடைக்குத் தீ வைத்தார்கள், சூட்டாடையை உருவினார்கள், வேல்மயில் பனியில் விழுந்து எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்ததற்குக் காரணம் ஆலியன் என்று ஒரு முன்குடி மீன்காரன்.

ஆலியன் வாரந்தோறும் சறுக்குவண்டியில் பனிமீன் கொண்டுவருவான். இவள் ஒரு விலை சொல்வாள். அவன் மீனை அள்ளிக்கொண்டு வாசல்படி வரை போய்த் திரும்பிப் பார்ப்பான். இவள் கூப்பிடுவாள். அவன் வருவான். போகிறவனுக்கும் போக மனமில்லை, விடுகிறவளுக்கும் விட மனமில்லை. ஆனாலும் அந்த வாசல்படி ஆட்டம் இல்லாமல் ஒருநாளும் வியாபாரம் படிந்ததில்லை. முன்குடியார் பேச்சு பாடப்புத்தகம்போல இருக்கும். முதல் கப்பலில் வந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பொறிதான் பேசக் கற்றுக்கொடுத்ததாம். குடியேறிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வேல்மயிலின் உடம்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாடப்புத்தகக் குரல் கேட்டது: "கடையம்மா, மீனுக்கு அடியில் படுத்துக்கொள்ளுங்கள். இன்று விலை பேச நேரமில்லை."

தன் மீன்தோல் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு இரண்டு நாள் வண்டியை இழுத்தான். மூடியைக்கூட அவளுக்குத்தான் கொடுத்திருந்தான். வழியெல்லாம் திரும்பித் திரும்பி, உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தான். மீன் இடுக்கு வழியாக அவள் பார்த்தது அந்த முகம் ஒன்றைத்தான். புருவத்தில் பனி, மூக்கில் வெடிப்பு, முன்பல்லில் ஒரு சந்து.

"முகாம் சேந்ததும் கோட்டத் திருப்பித் தாரேன்ல" என்றாள் அடியிலிருந்து.

"வாடகை உண்டு" என்றான்.

முகாம் வேலிக்கருகே காவலர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டதும் அவளை இறக்கிவிட்டு ஓடிப்போனான். கோட்டு இவளிடமே தங்கிவிட்டது. வேல்மயில் துக்கத்தைக் கேட்க வந்தவர்கள் எல்லோரும் செல்லக்கனியின் பட்டையில் அந்த இரண்டு நாளையும் சேர்த்தே கண்டார்கள். மீன் நாற்றம் அடிக்கிறதே என்று ஒன்றிரண்டு பேர் மூக்கைப் பிடித்தார்கள்.

பூரணத்தின் கூடாரத்திலிருந்து திரும்பும்போது கஞ்சிக்கூடத்து வரிசையில் ஒரே சிரிப்பாக இருந்தது.

"ஒரு முன்குடியான் முகாம் கேட்டுக்கு வந்து கோட்டு கேக்கானாம்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "உசுரக் குடுக்க வந்தவன் கோட்டக் கேட்டுட்டு வந்திருக்கான் பாருங்க."

செல்லக்கனி தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். அதற்குள் ஆலியனைப் பிடித்து அடைத்துவிட்டிருந்தார்கள்.

முகாமில் சட்டம் எளிது. பிடிபட்ட முன்குடியான் வன்முறையில் இருந்ததாக யாராவது ஒருவருடைய நினைவு காட்டினால் போதும்; சூட்டாடையைக் கழற்றிவிட்டு வெளியே அனுப்புவார்கள். அவர்கள் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம், கூடுதலும் இல்லை குறைச்சலும் இல்லை என்று சுற்றுநகரத்தில் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தார்கள். எடை சரி என்று செல்லக்கனியே முன்பு தலையாட்டியிருக்கிறாள்.

விசாரணை நடுவர் அரங்கண்ணல் சுற்றுநகரத்து மனிதர். நல்லவர். அது முகத்தில் தெரியும். தூக்கம் இல்லாததும் தெரியும்.

"உக்காருங்கம்மா. அவன் உங்களைக் காப்பாத்தினான்னு சொல்றீங்க. நம்புறேன். ஆனா வாய்ச்சொல்லை நாங்க எடுத்துக்கறதில்லை."

"ஏன் சார், நான் பொய் சொல்லுத ஆளு மாதிரியா இருக்கு?"

"உங்களுக்காக வச்ச சட்டம் இல்லம்மா. பழைய பூமியில அயர்லாந்துன்னு ஒரு தீவு. பதினேழாம் நூற்றாண்டுல அங்கேயும் இதே கதைதான். வெளியிலேருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடி வச்சாங்க. நிலம் போனவங்க ஒருநாள் கிளம்பி அடிச்சாங்க. குளிர்ல துணியை உருவி விரட்டினாங்க. பாலத்துலேருந்து ஆத்துல தள்ளினாங்க. தப்பி வந்தவங்க சொன்னதையெல்லாம் எழுதி வாங்கினாங்க. கண்டது, கேட்டது, பக்கத்து ஊர்க்காரன் கேட்டதாச் சொன்னது. எல்லாத்துக்கும் ஒரே மை. அப்புறம் அதைக் காட்டிப் பழி வாங்கினாங்க, தலைமுறை தலைமுறையாச் சண்டை போட்டாங்க. அதுக்குத்தான் பட்டை வழியா நினைவைப் படிக்கற இந்தப் பொறி. வாய், கேள்விப்பட்டதைக் கண்டேன்னு சொல்லும். மூளை சொல்லாது. கற்பனைன்னா திரை சிவக்கும், நினைவுன்னா நீலமா எரியும். அவ்வளவுதான்."

"அப்பச் சரியாப் போச்சு. என் மூளையத் தூக்கித் தராசுல வைங்க."

நடுவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் யாரும் அவனை அடையாளம் காட்டலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் காட்டலைன்னா, சாட்சி இல்லைன்னு வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டுருவேன். சூட்டாடையோட. நீங்க பேசாம இருங்க."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். செல்லக்கனி கடைக்காரி.

"சாட்சி இல்லாம விட்டவன்னு ஒரு பேரு ஒட்டுமே சார்? கேட்டத் தாண்டுதக்குள்ள எங்க ஆளுகளே அடிச்சுப் போட்டுருவாக. எடை போடாமக் குடுத்த சரக்கு என்னைக்கும் தகராறுலதான் முடியும். நாலு பேரு பாக்க எடை போட்டுக் குடுங்க, பொறவு எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"நாலு பேர் பாக்கவா?"

"முகாம் பூராவும் வரட்டும். அவன் என்னை இழுத்துட்டு வந்தத எல்லாரும் பெரிய திரையில பாக்கட்டும்."

"வேண்டாம்மா. இது போதும்."

"அப்பச் சரி சார்" என்று எழுந்தாள். வாசல்படி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

நடுவர் கூப்பிட்டார்.

கஞ்சிக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளித் திரை கட்டினார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை, முகாமில் வேறு என்ன வேலை? ஆலியனைக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். இடது கையில் துணி சுற்றியிருந்தது. செல்லக்கனி மீன்தோல் கோட்டோடு உள்ளே வந்ததும் அவன் முன்பல் சந்து தெரியச் சிரித்தான்.

"கடையம்மா, கோட்டு நலமாக இருக்கிறதா?"

"கோட்டுக்கு என்ன, ஒரு பித்தான் போச்சு. வெரலுக்கு என்னாச்சு?"

"மூன்று போயின. மீன் பிடிக்க மிச்சம் போதும். விலை பேச விரல் எதற்கு?"

"வாய் போகலயில்ல, அது போதும். மத்தியானம் கோட்டோட வீட்டுக்குப் போகலாம்."

"வாடகை?"

"பித்தானுக்கும் வாடகைக்கும் சரியாப் போச்சு, போ."

முன்வரிசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பொறியை இயக்குகிற பெண் செல்லக்கனியின் தலையில் பட்டையைக் கட்டி, திரையோடு கம்பியைச் சேர்த்தாள்.

திரையில் சறுக்குவண்டி வந்தது. மீன் இடுக்கு வழியாக அந்த முகம். புருவத்தில் பனி. திரை முழுக்க நீலம். கூட்டம் அமைதியாகப் பார்த்தது. விரல்கள் கறுப்பதைப் பார்த்து யாரோ 'ச்சோ' என்றார்கள். செல்லக்கனி பின்னால் திரும்பி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். பார்த்தீர்களா என்பதுபோல.

"சரி, முடிச்சுரலாம்" என்றார் நடுவர்.

"விதிப்படி ஒண்ணு பாக்கி இருக்கு சார்" என்றாள் பொறிக்காரப் பெண். "இந்த முகம் இவங்க நினைவுல வேற எங்கெல்லாம் வருதுன்னு தேடணும்."

தேடியது. மீன் கூடையோடு கடை வாசலில் ஆலியன். திரும்பிப் பார்க்கிற ஆலியன். மறுபடி மறுபடி அதே வாசல்படி, கூட்டம் சிரித்தது. பிறகு இரும்புப் பாலம் வந்தது.

பனிப்பாளங்கள். பித்தான் அவிழ்க்கிற கைகள். மடித்து வைத்த சின்னச் சூட்டாடை. எதிரே நிற்கிறவனின் மூச்சுமூடியில் உறைபனி இல்லை. மூடியே இல்லை. புருவத்தில் பனி, மூக்கில் வெடிப்பு, முன்பல்லில் சந்து. ஆலியன் கையை நீட்டி நெஞ்சில் வைத்துத் தள்ளினான்.

திரை நீலமாக எரிந்தது.

"அது நான் கண்டதில்ல!" செல்லக்கனி எழுந்து கத்தினாள். "அது பூரணம் கண்டது! நான் பாலத்துக்கே போகல! துக்கம் கேக்கப் போனப்பப் பாத்தது அது!"

"நீலம்தாம்மா எரியுது" என்றாள் அந்தப் பெண், பாவமாக.

கத்திக்கொண்டிருந்தபோதே செல்லக்கனிக்கு உள்ளே குளிர்ந்தது. திரை சொன்னதற்காக இல்லை. பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அவன்தான். அந்தக் கை அவன் கைதான்.

கூட்டத்தின் நடுவிலிருந்து பூரணம் எழுந்தாள். எழுந்தாளா, யாராவது தூக்கிவிட்டார்களா தெரியவில்லை.

"அவந்தான்! இந்த மூஞ்சிதான்! இத்தன நாளும் கண்ணுக்குள்ளயே இருந்துச்சு, பிடிபடல! என் தலையில கட்டுங்க பட்டைய!"

கட்டினார்கள். அவளுடைய பாலத்திலும் ஆலியன் நின்றான், முன்னதைவிடத் தெளிவாக. அடுத்து ஒருவர் எழுந்தார். அவருடைய ஊரில் பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திப் பூட்டியவன் ஆலியன். இன்னொருத்தியின் மாமனாரை ஊற்றுக்குழியில் இறக்கியவன் ஆலியன். கொதிமடுவில் கடைக்குத் தீ வைத்தவனும் அவனே. வரிசை கஞ்சிக்கு நிற்பதுபோல நீண்டது. எல்லாமே நீலம். எல்லாமே ஒரே நாளில், ஒன்றுக்கொன்று எட்டாத ஊர்களில்.

"அத்தனை இடத்திலும் நான் இருந்திருந்தால்" என்றான் ஆலியன் கம்பிக்குப் பின்னாலிருந்து, "அன்று மீனை யார் பிடித்தது?"

யாரும் சிரிக்கவில்லை. சறுக்குவண்டி வேகமானதாயிற்றே என்று ஒருவர் சொன்னார். தலைவனாகத்தான் இருப்பான், எல்லா ஊருக்கும் போய்ப் பார்வையிட்டிருக்கிறான் என்று இன்னொருவர் சொன்னார். அதுவே தீர்ப்பாயிற்று.

செல்லக்கனி நடுவரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

"உங்களுக்குப் புரிஞ்சிருச்சுல்லா சார்?"

"புரிஞ்சுதும்மா." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பூரணம் பாத்தது வெறும் மூடி. மூடிக்குப் பின்னால ஒரு முகம் வேணும்னு மூளை கேக்கும். வெறுமையா வச்சிருக்க அதுக்குப் பிடிக்காது. இருக்கிற முகத்துல ஒண்ணை எடுத்து ஒட்டிக்கும். இந்த முகாம்ல ஒருத்தருக்கும் ஒரு முன்குடியானோட முகமும் நல்லாத் தெரியாது. உங்க பட்டையைக் கட்டினவங்களுக்குத்தான் ஒரே ஒரு முகம், இரண்டு நாள் முழுக்க, அவ்வளவு பக்கத்துல தெரிஞ்சிருக்கு."

"அப்ப நீலம்?"

"தூங்கி எழுந்தா வாங்கின நினைவும் சொந்த நினைவோட கலந்துரும். அதுக்குன்னு தனி நிறம் கிடையாது."

சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் இறங்கிய மூட்டைக்கு இந்த ஊர், அந்த ஊர் என்று உண்டா? எல்லாம் கிட்டங்கி மூட்டைதான். செல்லக்கனிக்கு அது விளங்க நேரமாகவில்லை.

"பட்டைய மாத்திக் கட்டக்கூடாதுன்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"பட்டை கொடுத்தது, அவங்கவங்க கண்டது மறக்கறதுக்குள்ள பதிஞ்சு வைக்க. நீங்க துக்கம் கேக்க ஆரம்பிப்பீங்கன்னு மேலே யாருக்குத் தெரியும்? தெரிஞ்சப்ப நல்லதுதானேன்னு விட்டுட்டோம். ஜனங்க அழுது ஆறட்டும்னு."

"சரி. இப்பத் தெரிஞ்சிருச்சுல்லா. அவனை விடுங்க."

அவர் பேனாவை மூடினார்.

"சார்."

"இன்னைக்குப் பொறி தப்புன்னு நான் சொன்னா, நேத்து வரைக்கும் வெளியே அனுப்பினவங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

செல்லக்கனி அப்போதுதான் கேட்டாள். "அவுக எல்லாம் யாரு?"

"ஒருத்தி தாதி. உங்க ஆளுங்க வீட்டுல பிரசவம் பாத்தவ. ஒருத்தர் உங்க பிள்ளைங்களுக்குச் சறுக்கக் கத்துக்கொடுத்தவர். ஒரு வண்டிக்காரன். ஊற்றுக் காவக்காரர் ஒருத்தர், தன் வீட்டு நிலவறையில குடியேறிகளை ஒளிச்சு வச்சிருந்தேன்னு கடைசி வரைக்கும் சொன்னார்."

"அத்தன பேரும் எங்க வாடிக்க." அவள் குரல் உயரவில்லை. "எங்க கூடப் பழகினவுகளா பாத்துப் பொறுக்கிக் குடுத்திருக்கோம். மூடி போட்டுட்டு வந்தவன் ஒருத்தனாவது கையில ஆம்புட்டானா சார்?"

நடுவர் சன்னலைப் பார்த்தார். வெளியே பனிதான் இருந்தது.

"அவங்க முகம் யாருக்குமே தெரியாதேம்மா" என்றார்.

அடுத்த நாள் நண்பகலில் வேலிக்கதவைத் திறந்தார்கள். ஆலியன் இரவல் வாங்கிப் போட்டுவந்த சூட்டாடையைக் கழற்றச் சொன்னார்கள். மூன்று விரல் இல்லாத கையோடு பித்தான் அவிழ்க்க நேரமாயிற்று. காவலன் அவசரப்படுத்தவில்லை, அவனும் மனிதன்தான். செல்லக்கனி கோட்டை நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். காவலன் துப்பாக்கியைக் குறுக்கே வைத்து மறித்தான்.

"வெறும் மேலோடதான் போகணும் ஆத்தா. சட்டம்."

"அவன் கோட்டுய்யா இது. அவனோடது. அத வாங்கத்தான் வந்தான்."

"வைத்துக்கொள்ளுங்கள் கடையம்மா" என்றான் ஆலியன். பற்கள் அடித்துக்கொண்டதில் பாடப்புத்தகம் உடைந்து உடைந்து வந்தது. "வாடகை... அப்புறம் பார்க்கலாம்."

கூட்டம் வேலியோரம் நின்றது. தூரத்தில் பனிமேட்டின்மேல் முன்குடியார் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடி போட்டிருந்தார்கள். அங்கிருந்து அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்: யார் வெளியே அனுப்பப்படுகிறார்கள், இதுவரை யாரெல்லாம் அனுப்பப்பட்டார்கள், கொதிமடுவுக்குத் தீ வைத்தவர்கள் எவ்வளவு சுகமாக வீட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம். கணக்குத் தெரியாத ஜனங்கள் இல்லை அவர்கள். இனி ஒரு குளிர்காலத்தில் எவன் வண்டியிலும் மீனுக்கு அடியில் இடம் இருக்கப்போவதில்லை.

ஆலியன் நடந்தான். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பிப் பார்த்தான்.

விலை படியாதபோது அவன் அப்படித்தான் திரும்புவான். கூப்பிடுவது இவள் முறை. கூப்பிட்டால் காவலன் விடுவானா, விடமாட்டானா என்பது வேறு; கூப்பிட வேண்டும். செல்லக்கனி வாயைத் திறந்தாள். திரும்பிய அந்த முகத்தைக் கண்டதும் அவள் நெஞ்சில் ஒரு கை பதிந்தது. காலடியில் பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டன. அவளை அறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

அவன் அதைப் பார்த்தான். திரும்பிக்கொண்டு நடந்தான். அப்புறம் பனி விழ ஆரம்பித்தது.

வாரம் திரும்பியது. செல்லக்கனி கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சறுக்குவண்டியை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன் இருந்தது, நாற்றம் இருந்தது, மீன் இடுக்கும் இருந்தது. வண்டியை இழுத்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் மூச்சுமூடி இருந்தது; மூடியின் கண்ணாடியில் உறைபனி. ஒரே முகத்தைப் பாலத்திலும் வண்டியிலும் வைத்துக்கொள்ள மூளைக்குக் கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. ஓரிடத்தில் கழித்துவிட்டது.

வாசலில் யாரோ கயிற்றில் பட்டையை மாட்டும் சத்தம் கேட்டது. பூரணம் குனிந்து உள்ளே வந்தாள். கையில் காப்பித் தூக்கு.

"வராம இருக்க முடியல மதினி. எப்பிடி இருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சவன். மனசு கெடந்து என்ன பாடுபடுதோன்னு வந்தேன். பட்டையக் குடுங்க, கேட்டுட்டுப் போறேன்."

செல்லக்கனி பட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கோட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"பட்டை வேண்டாம் பூரணம். உக்காரு. அவன் எப்படிப்பட்டவன்னு நான் வாயால சொல்லுதேன்."

பூரணம் உட்கார்ந்தாள். காப்பியை ஊற்றி முன்னால் வைத்தாள். நிஜமான பரிவோடுதான் கேட்டாள்:

"வாயால சொன்னா யாரு மதினி நம்புவா?"